யார் வாயைத் திறந்தது?

இதில் பெயர் எதுவும் வராது. சொந்த ஊர்களை மாற்றிப் போட்டிருக்கிறேன்; அதற்கேற்றபடி அவர்கள் பேச்சையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் யாராவது தற்செயலாகப் படித்துவிட்டால், ‘இது நம்ம கதை இல்லை’ என்று பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகட்டும். எனக்கு அது போதும்.

ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயருக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில், ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் பழைய பிரெஞ்சு கேங்ஸ்டர் படம் பார்ப்பது என்று ஒரு வழக்கம் இருந்தது. ஆரம்பித்துவைத்தவர் கோயம்புத்தூர்க்காரர். என்னோடு ஒரே வங்கியில், ஒரே டீமில் காண்ட்ராக்டில் இருந்தவர். அடுத்த தெருவில் தனியாக இருந்தார். பப்ளிக் லைப்ரரியிலிருந்து டி.வி.டி. எடுத்து வருவது அவர் வேலை. பார்க்கிற இடம் தம்பியின் வீடு. தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. எனக்கு மேல் மாடியில் மனைவி, பெண் குழந்தையோடு இருந்த பாளையங்கோட்டைக்காரன். அவனும் எங்கள் டீம்தான். அவன் என்னை அக்கா என்றான், நான் தம்பி என்றேன், அப்படியே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் அப்போது டல்லாஸில் வேறொரு காண்ட்ராக்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றாலே வீடு என்னைக் கடிக்க வரும். முதல் தடவை மாடியேறியது அதற்காகத்தான், படத்துக்காக இல்லை.

படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. எல்லாவற்றிலும் மழை பெய்யும். மழைக்கோட்டும் தொப்பியும் போட்ட ஆண்கள் ஒரு சின்ன பாரில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் சிகரெட் பற்றவைப்பார்கள். நம் ஊர்ப் படத்தில் வில்லனுடைய அடியாள் கூட இதைவிட அதிகம் பேசுவான். பிறகு ஒரு திட்டம் போடுவார்கள். கொள்ளையை வசனமே இல்லாமல் காட்டுவார்கள். நாம் டீயைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருப்போம். அந்த வேலை பெரும்பாலும் நன்றாகத்தான் முடியும். அதற்குப் பிறகுதான் படமே ஆரம்பிக்கும். உள்ளே இருந்த எவனோ ஒருவன் போலீஸிடம் வாயைத் திறந்திருப்பான். அவன் யார் என்று மற்றவர்கள் தேடிக்கொண்டு போவார்கள்.

படம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டும். அது எங்கள் விளையாட்டு. கோயம்புத்தூர்க்காரருக்கு எப்போதும் ஒரே தீர்ப்புதான்.

“கூட இருந்து காட்டிக் குடுத்தவனுக்கு மன்னிப்பே கெடையாதுங்க. போலீஸ் அவன் வேலையப் பாக்கறான். இவன் யாருங்க?”

எனக்கு அந்தப் படங்களில் வரும் பெண்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் மேல் இல்லை, எடுத்தவன் மேல். ஒரு பெண் இருப்பாள்; விஸ்கி ஊற்றிக் கொடுப்பாள், ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பாள், அவ்வளவுதான் அவளுக்கு வேலை. எங்கே என்ன தப்பு நடந்தாலும் அத்தனை ஆம்பிளைகளும் முதலில் திரும்பிப் பார்ப்பது அவளைத்தான். “அவ என்னத்தப் பண்ணா? பழி போடறதுக்குன்னே ஒருத்திய வெச்சிருக்கானுங்க” என்று ஒவ்வொரு வாரமும் கத்துவேன்.

தம்பி காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு, அந்தச் சட்டையை மாற்றாமல் உட்கார்ந்திருப்பான். அவன் குறை வேறு. “எல்லாம் சரிதான்க்கா. ஒரு படத்துலயாச்சும் ஒருத்தன் இன்னொருத்தன மன்னிக்கானா பாருங்க. ‘சரிடே, போ’ன்னு ஒரு வார்த்த. அதச் சொல்ல என்ன கேடு?”

“மன்னிச்சா படம் ஓடாதுங்க” என்பார் கோயம்புத்தூர்க்காரர்.

தம்பியின் மனைவி படம் பார்க்க மாட்டாள். பின்னால் டைனிங் டேபிளில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் மட்டும், யாரும் கேட்காமலே, “அந்தாளு பொண்டாட்டி புள்ளைய நெனச்சுத்தான சொன்னான்? அதப் போயி துரோகம்ங்கீங்க?” என்றாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். படம் பார்க்காதவர்களுக்குத் தீர்ப்பு சொல்ல உரிமை இல்லை என்று கோயம்புத்தூர்க்காரர் சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில் தம்பியின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. ஆபரேஷன். அவன் லீவு போட்டுவிட்டு ஊருக்கு ஓடினான். போனவன் திரும்பி வர, அங்கே அமெரிக்கத் தூதரகத்துக்கு நேரில் போய் விசா ஸ்டாம்பிங் முடிக்க வேண்டும். கையில் இருந்த அப்பாயின்ட்மென்ட் கான்சல் ஆகி, எங்கோ கோடைகாலத்துக்குத் தள்ளிப்போனது. அம்மா ஐ.சி.யு.வை விட்டு வெளியே வரவில்லை. லீவு தீர்ந்துவிட்டது. எங்கள் வங்கியில் வெளிநாட்டிலிருந்து வேலை செய்யவே கூடாது. தெரிந்தால் அன்றைக்கே கணக்கை முடித்துவிடுவார்கள். வேலை போனால் அவனால் அமெரிக்காவுக்குள் மறுபடி கால் வைக்க முடியாது. மனைவியும் முதல் வகுப்பு படிக்கிற பெண்ணும் இங்கே அந்தரத்தில் நிற்பார்கள். மொத்தக் குடும்பமும் அந்த ஒரு வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

போனில் அழுதான். அழுதுகொண்டே, “ரெண்டு மூணு மாசம் எப்படியாவது ஓட்டிட்டா போதும்க்கா” என்றான்.

திட்டம் போட்டது கோயம்புத்தூர்க்காரர். தம்பி ஆபீஸ் லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அதில் ஒரு சின்ன பெட்டியை மாட்டினார். அதன் வழியாக அவன் அங்கிருந்தே அந்த லேப்டாப்பை ஓட்டலாம். வங்கிக்கு அவன் ஜெர்சி சிட்டியில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும். மீட்டிங்கில் மட்டும் போனில் சேர்ந்துகொள்வான். ஆனால் எங்கள் ஆபீஸில் வாரத்தில் சில நாள் நேரில் வந்தாக வேண்டும் என்று சட்டம். நியூபோர்ட்டில் இருந்த அந்த ஆபீஸ் வாசலில் கார்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும். அதை வைத்துத்தான் வருகைக் கணக்கு. தம்பியின் கார்டைக் கோயம்புத்தூர்க்காரர் தன் பையில் வைத்துக்கொண்டார். தன் கார்டோடு அதையும் காட்டிவிட்டு உள்ளே போவது அவர் பொறுப்பு. மீட்டிங்கில் எங்கேயாவது இடறினால் சமாளிப்பது என் பொறுப்பு. லேப்டாப் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது தம்பி மனைவியின் பொறுப்பு.

“இது நம்ம படமுங்க” என்றார், கண்ணெல்லாம் மின்ன.

“படமாவது மண்ணாவது. ஒரு குடும்பத்தோட சோறு இது. தொப்பிய மாட்டிக்கிட்டு ஆடாதீங்க” என்றேன். நிஜமாகவே அவர் அன்றைக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கியிருந்தார், காதை மூடுகிற மாதிரி. அடையாளம் தெரியக்கூடாதாம்.

தம்பி மனைவியிடம் போனில் அவன் ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னான். பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். “நம்ம நாலு பேரத் தவிர யாருகிட்டயும் மூச்சு விடாத.” அவள் தலையை ஆட்டினாள்.

எங்கள் மேனேஜரும் ஒரு தமிழ்ப் பெண்தான், சென்னைக்காரர். என்னைவிடப் பெரியவர், என்றைக்கோ சிட்டிசன் ஆகி செட்டிலானவர். ஆபீஸில் ஒரு வார்த்தை தமிழ் பேச மாட்டார். ஆனால் சனிக்கிழமை ஆனால் காட்டன் புடவை கட்டிக்கொண்டு தமிழ்ப் பள்ளியில் குழந்தைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பார். தம்பியின் பெண்ணும் அவரிடம்தான் படித்தாள். ‘ஆன்ட்டி, ஆன்ட்டி’ என்று அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிவாள்.

முதலில் சிரமமில்லாமல் ஓடியது. தம்பி பகலில் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் ராத்திரி முழுக்க வேலையிலும் கிடந்தான். குரல் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் காலை மீட்டிங். நான் வீட்டிலிருந்து சேர்ந்திருந்தேன். தம்பி ஏதோ ஒரு ரிலீஸ் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவன் மைக்கில் டிங்டாங் என்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல், சுத்தமான தமிழில், கணீரென்று: “தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள நோயாளிகளின் உறவினர்கள் கவனத்திற்கு...” தம்பி பட்டென்று மியூட்டில் போனான். டீமில் மற்றவர்கள் தெலுங்கு, குஜராத்தி, இரண்டு அமெரிக்கர்கள். அவர்களுக்கு அது ஏதோ ஒரு பாஷை. மேனேஜருக்கு அப்படி இல்லையே.

“வாட் வாஸ் தட்?” என்றார் அவர்.

“சாரி, அது என் சைடு. அம்மா டி.வி.யில சீரியல் போட்டுட்டாங்க” என்று இங்கிலீஷில் சொல்லி, வரவழைத்துக்கொண்டு சிரித்தேன். என் அம்மா அப்போது மேற்கு மாம்பலத்தில் இருந்தாள். மேனேஜர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நான் லேப்டாப்பை மூடிவிட்டு, சிங்க்கில் கிடந்த பாத்திரத்தையெல்லாம் தேய்த்தேன்.

அது முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஆபீஸில் மேனேஜர் என் மேஜைக்கு வந்து, ஒரு நிமிஷம் வரச் சொன்னார். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். வாசல் கேமராவில் எடுத்த படம். கம்பளித் தொப்பி, முகத்தில் மாஸ்க், கையில் இரண்டு கார்டு. ஒரு ஆள் நுழைந்திருக்கிறார், இரண்டு பேர் வந்ததாகக் கணக்கில் விழுந்திருக்கிறது. செக்யூரிட்டியிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

இங்கிலீஷில்தான் ஆரம்பித்தார். அந்த இரண்டாவது கார்டு தம்பியுடையது. அவனை ஆபீஸில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள். இந்தத் தொப்பிக்காரர் யார். நானும் இங்கிலீஷில் தெரியாது, கவனிக்கவில்லை, எல்லாரும்தான் தொப்பி போடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவரை எனக்குப் பயம் இல்லை. திடீரென்று தமிழுக்கு மாறினார்.

“அன்னைக்கு உங்க வீட்ல ஓடிச்சே, அது என்ன சீரியல்?”

நான் திரையில் இருந்த தொப்பியைப் பார்த்தேன்.

“பேர் ஞாபகம் இல்ல” என்றேன்.

“நீங்க ரெண்டு பேரும் எப்பவும் ஒரே ட்ரெயின்லதான வர்றீங்க, அந்த கோயம்புத்தூர் ஆளும் நீங்களும்? இந்தத் தொப்பிய நீங்க பாத்ததே இல்லையா? உங்க காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. எக்ஸ்டென்ஷனுக்கு நான்தான் சைன் பண்ணணும். மெரட்றேன்னு நெனைக்காதீங்க. நான் உங்களுக்கு ஒரு சான்ஸ் குடுக்கறேன்.”

மிரட்டல் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கண்ணாடிக்கு வெளியே கோயம்புத்தூர்க்காரர் காபி மெஷின் பக்கம் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்களில் இந்த இடத்தில் அவன் சிகரெட்டை எடுத்து அலட்சியமாகப் பற்றவைப்பான். எனக்கு உள்ளங்கை வேர்த்து ஈரமாக இருந்தது. என் காண்ட்ராக்ட் போனால் எங்கள் வீட்டிலும் பாதிச் சோறு போச்சு. பயமாகத்தான் இருந்தது; ஆனால் பயத்தைவிட ஆத்திரம் ஒரு பிடி கூடவே இருந்தது. தமிழில் கேட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்தார் பார், அந்த ஆத்திரம்.

“எனக்குத் தெரியாது மேடம்” என்றேன். அதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் லேப்டாப்பை மூடினார்.

அன்று சாயங்காலம் கோயம்புத்தூர்க்காரரிடமும் தம்பி மனைவியிடமும் நடந்ததைச் சொன்னேன். போட்டோ இருக்கிறது, முகம் தெரியவில்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை. கார்டு விளையாட்டை நிறுத்திவிடலாம், அவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். தம்பி மனைவியின் முகம் வெளுத்திருந்தது.

திங்கட்கிழமை காலை தம்பியின் லேப்டாப் உயிரை விட்டது. எந்தப் பாஸ்வேர்டும் ஏற்கவில்லை. மதியத்துக்குள் அவனை வங்கிக்கு அனுப்பியிருந்த கன்சல்டன்சியிலிருந்து போன். வெளிநாட்டில் இருந்துகொண்டு வேலை செய்தது உறுதியாகிவிட்டது, இன்றோடு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். சந்தேகம் என்று இல்லை, உறுதி என்று. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அதே வாரம் எனக்கு எக்ஸ்டென்ஷன் வந்தது. இன்னொரு வருஷம். ஏன் வந்தது, எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மெயிலைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தலையில் யாரோ கல்லைப் போட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலை பிளாட்பாரத்தில் கோயம்புத்தூர்க்காரர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். தலையில் அந்தத் தொப்பி இல்லை.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க” என்றார். “யாரு வாயத் தொறந்தது?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“போட்டோல நிக்கறது நானுங்க. ஆனா என்னைய ஒருத்தரும் கூப்பிட்டுக் கேக்கல. என்ற பேரு வரவேயில்லை. அப்பிடின்னா, சொன்னவங்க என்னைய விட்டுட்டு அவனை மட்டும் சொல்லியிருக்காங்க. அந்த ரூமுக்குள்ள அத்தன நேரம் என்னதான் பேசுனீங்க?”

“என்ன பேசினேன்னு அன்னைக்கே சொன்னேனே.”

“எக்ஸ்டென்ஷன் வந்துருச்சாமுங்க. சொல்லவேயில்ல.”

நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கிற ஆள்தான் நான். அன்று வாய் வரவில்லை. அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கோபம் இல்லை. படம் முடிந்து தீர்ப்பு சொல்கிறபோது இருக்குமே, அந்த முகம். ட்ரெயின் வந்தது. அவர் நடந்துபோய் அடுத்த பெட்டியில் ஏறினார்.

தம்பிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை. அதோடு விட்டேன்.

சனிக்கிழமை, கீழே பேஸ்மென்ட்டில் துணி துவைக்கிற அறையில் நான் தனியாக இருந்தேன். தம்பி மனைவி வந்தாள். கையில் கூடை இல்லை. கதவைச் சாத்திவிட்டு, ஓடிக்கொண்டிருந்த ட்ரையரில் சாய்ந்து நின்றாள்.

“நான்தான்க்கா சொன்னேன்” என்றாள்.

மெஷின் சத்தத்தில் முதலில் எனக்குப் புரியவில்லை. அவள் மறுபடி சொன்னாள். போட்டோ விஷயம் கேட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. அதற்கு முந்தின சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் பெண்ணைக் கூட்டிப்போனவள், வகுப்பு முடிந்து குழந்தைகளெல்லாம் போகிறவரை காத்திருந்து, மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள். மாமியாருக்கு இப்படி, ஸ்டாம்பிங்குக்கு இப்படி, அவர் அங்கிருந்துதான் வேலை செய்கிறார், நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும் என்று. கார்டு காட்டியது யார் என்று மட்டும் சொல்லவில்லையாம்.

“பாப்பாவுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்தவங்கக்கா. பொங்கல் விழாவுல நான் கொண்டுபோன எலுமிச்ச சாதத்த எங்கிட்டயே கேட்டு வாங்கிச் சாப்ட்டாங்க. நம்ம ஆளுன்னு நெனச்சுட்டேன். அவங்க என் கையப் புடிச்சுக்கிட்டு, ‘கவலப்படாதம்மா’ன்னாங்க.”

அந்தக் கையைப் பிடித்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. மேலிடத்தில் சொல்லாமல் இருந்தால் மேனேஜரின் வேலை போகும். அது எனக்குப் புரிகிறது. சொல்லத்தான் போகிறோம் என்றால் கையைப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். இங்கே நாம் எல்லாரும் செய்கிற தப்புதான் இது. தமிழ்க் குரல் கேட்டால் போதும், அத்தையென்றும் அக்காவென்றும் முறை வைத்து வீட்டுக்குள் விட்டுவிடுவோம். அந்த ஆளுக்கு வேறொரு எஜமான் இருப்பது ஞாபகமே வராது.

“சரி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட வேண்டியதுதான” என்றேன்.

“முடியாதுக்கா. யாருகிட்டயும் மூச்சு விடாதன்னு ஒண்ணுதான் திரும்பத் திரும்பச் சொன்னாவ. தெரிஞ்சா என் மொகத்துல முழிக்க மாட்டாவ.”

“அவன்தான் எல்லாரையும் மன்னிக்கிறவனாச்சே?”

“சினிமாக்காரன மன்னிக்கிறது லேசுக்கா.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அவிய உங்களத்தான் நெனச்சிட்டிருக்காவ. நான் இல்லன்னு சொல்லல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்போ என் தலையில போட்டுட்டீங்க” என்று கத்தினேன். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். பொய் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். ஆமாம் என்று சொன்ன பிறகு என்ன செய்வது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாள். நான் வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. துணியை ஈரத்தோடு அள்ளிக்கொண்டு மேலே வந்தேன்.

வந்த கையோடு கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டேன். எடுத்தார். “சொல்லுங்க” என்றார், ஏதோ பேங்க் கஸ்டமர் சர்வீஸ் மாதிரி. ஒரு வரி போதும். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடி வருவார். ராத்திரிக்குள் தம்பிக்குச் சொல்லிவிடுவார். அப்புறம் என்ன ஆகும் என்று யோசித்தேன். வேலை போன புருஷன், படுக்கையில் மாமியார். அந்த வீட்டுக்குள்தான் இவள் போய் வாழ வேண்டும். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு சண்டையிலும், உன்னால்தான் என்ற ஒரு வார்த்தை அங்கே சுவரில் மாட்டியிருக்கும். எனக்கு என்ன? பிளாட்பாரத்தில் ஒரு ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவ்வளவுதானே.

“லைப்ரரி டி.வி.டி. மேல் வீட்டுல இருக்கு. டியூ டேட் தாண்டப் போகுது, வாங்கிக்கங்க” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் படங்களில் பழியைச் சுமக்கிறவன் முகத்தை நேராக வைத்துக்கொண்டு மழையில் நடந்து போவான். நான் அழுதேன். டல்லாஸுக்குப் போன் போட்டு, ஒன்றும் அறியாத வீட்டுக்காரரோடு சண்டை பிடித்தேன். விஸ்கி ஊற்றுகிற அந்தப் பெண்களுக்காக வாராவாரம் கத்தினேனே, எனக்காகக் கத்த ஒருத்தி இல்லையே என்று இருந்தது.

தம்பி மனைவி வீட்டைக் காலி செய்தாள். சோபாவையும் டைனிங் டேபிளையும் யாரோ வந்து எடுத்துப்போனார்கள். நெவார்க் ஏர்போர்ட்டுக்கு அவர்களைக் கூட்டிப்போக வேண்டியது கோயம்புத்தூர்க்காரர். பெட்டிகளையெல்லாம் கீழே கொண்டுவந்து வைத்தார். அவரிடம் இருந்த சின்ன காரில் பாதிப் பெட்டிகூட ஏறவில்லை. என் வேன்தான் ஏற்றுக்கொள்ளும் என்றதும், பெட்டிகளை அதில் அடுக்கிவிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் போய்விட்டார்.

ஹைவேயில் டிராஃபிக் குறைவுதான். பின் சீட்டிலிருந்து குழந்தை, “இஸ் ஆன்ட்டி கமிங் வித் அஸ்?” என்று என்னைக் காட்டிக் கேட்டாள். “இல்லம்மா, ஆன்ட்டி இங்கயே இருப்பாங்க” என்றாள் அவள் அம்மா. அப்போது தம்பியின் போன் வந்தது. குழந்தை கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“கெளம்பிட்டியா? யாரு வண்டி?”

“அக்கா வண்டிலதான் போய்ட்டிருக்கோம்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பக்கத்தில் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன். இப்போது சொல்லிவிடுவாள் என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லிவிடக் கூடாது என்றும் அதே கணம் நினைத்தேன். இரண்டும் நிஜம்.

“சரி. பிளைட் ஏறிட்டு மெசேஜ் போடு” என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏர்போர்ட் எக்ஸிட்டை நான் தவறவிட்டுவிட்டேன். அடுத்ததில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தோம்.

டெர்மினல் வாசலில் பெட்டிகளை இறக்கியதும் அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “அக்கா, அங்க போனதும் நானே அவியகிட்ட...” என்று ஆரம்பித்தாள்.

“போய் மொதல்ல மாமியாரப் பாருங்க” என்றேன். குழந்தை கையை ஆட்டிக்கொண்டே போனது. கண்ணாடிக் கதவு மூடியது.

வண்டியை எடுத்துக்கொண்டு, ஏர்போர்ட்டில் காத்திருப்பவர்கள் நிறுத்துகிற இடத்தில் போய் நிறுத்தினேன். வீட்டுக்கு ஓட்டுகிற தெம்பு இல்லை. கொஞ்ச நேரத்தில் தம்பியிடமிருந்து மெசேஜ். இத்தனை வாரத்தில் முதல் மெசேஜ்.

‘அக்கா, பாப்பாவையும் அவளையும் ஏத்திவிட்டதுக்கு நன்றி. ரொம்ப யோசிச்சேன். உங்களுக்கும் வேலை போயிரும்னு பயம் இருந்திருக்கும். நீங்க செஞ்சத நான் மனசுல வச்சுக்கல. மனசார மன்னிச்சிட்டேன். கோயம்புத்தூர் அண்ணன்கிட்டயும் சொல்லுதேன்.’

போனை பக்கத்து சீட்டில் விட்டெறிந்தேன். அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். அவன் வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்த மன்னிப்பு கடைசியில் எங்கள் படத்தில் வந்தேவிட்டது. ஒன்றும் செய்யாதவளுக்கு.

‘அது நான் இல்ல தம்பி’ என்று டைப் செய்தேன். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அவர்களுடையது கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

‘நன்றி தம்பி. அம்மாவ நல்லாப் பாத்துக்கோ’ என்று எழுதி அனுப்பினேன்.